பரங்கிமலையிலிருந்து பனிமலை வரை

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் செல்லும் நம்மவர், பல்லார்ஷாவைக் கடந்து நாகபுரியை நெருங்குமுன் ஹிங்கன்காட் என்னும் நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். பருத்தி வாணிகத்தால் பெயர்பெற்ற ஊர் அது. அந்நேரம் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பவரும், செய்தித்தாளில் ஆழ்ந்திருப்பவரும், உறங்குபவருமாகப் பெட்டி முழுவதும் தத்தம் காரியத்தில் இருக்கும். சாளரத்தின் வழியே அவ்வூரை நோக்குபவர் அரியர். ஆயினும், நேயர்களே, சென்னையிலிருந்து வடக்கே புறப்பட்டு, வந்த காரியம் பாதியில் நிற்க, அவ்வூரிலே கண்மூடிய ஒருவரின் கல்லறை அங்கே இருக்கிறது. இன்று நாம் இரண்டு நாளில் கடக்கும் அவ்வழியை அவர் இருபது ஆண்டுகள் நடந்தும் முடிக்கவில்லை. அவரைத் தொடர்ந்தவர்கள் முடிப்பதற்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் வில்லியம் லாம்டன். ஆங்கிலப் படையில் காலாட்படை அதிகாரி. 1799இல் திப்பு சுல்தானுக்கெதிராக நடந்த மைசூர்ப் போரில் பங்குகொண்டவர். ஓரிரவு ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று திசை தப்பி எதிரியின் பாசறையை நோக்கியே நடந்துகொண்டிருந்தபோது, விண்மீன்களை நோக்கி, நாம் தெற்கே செல்லவில்லை, வடக்கே செல்கிறோம் என்று தளபதிக்கு எடுத்துரைத்தவர் இவரே என்பர். போர் முடிந்ததும் இவர் அரசுக்கு ஒரு திட்டம் அளித்தார். தென்னாட்டைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது, அதனுடனேயே பூமியின் வடிவத்தையும் கணிப்பது என்பன அதன் நோக்கங்கள்.

பள்ளியில் கற்ற கணக்கைச் சிறிது நினைவுகூர்வோம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அப்பக்கத்தின் இரு முனைகளிலுமுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் அளவாமலே கணித்துவிடலாம். அவ்வாறு கணித்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணத்தை எழுப்பலாம். அதன்மீது இன்னொன்று. குன்றுக்குக் குன்று பார்வை செல்லுமாயின், நாடு முழுவதும் இப்படியே தாண்டிச் செல்லலாம். நிலத்தில் படுத்து அளக்கவேண்டியது முதற்பக்கம் ஒன்றுதான். ஆனால் அந்த முதற்பக்கத்தில் ஓர் அங்குலம் பிழைத்தாலும், அப்பிழை முக்கோணந்தோறும் தொடர்ந்து வந்துவிடும். ஆகவே அந்த ஒரு கோட்டில்தான் பொறுமையின் முதற்சோதனை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைக்கு அருகே பரங்கிமலை அடிவாரத்தில் அந்த வேலை தொடங்கிற்று. சித்திரை வெயிலின் கொடுமை சென்னையில் வாழ்ந்தவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. கையிலிருந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக ஆங்கிலத் தூதர் கொண்டுசென்று, அங்கே மதிப்பாரின்றித் திரும்பிக் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் விலைக்கு வாங்கப்பட்ட சங்கிலி அது! அதைத் தரையிலே போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை ஒரே மட்டமாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானியை வைத்து, எஃகு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கணக்கிட்ட பின்பே அந்த நூறடியை ஏட்டில் குறித்தனர். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து அடுத்த நூறடிக்கு நகர்ந்தனர். இவ்வாறு ஏறக்குறைய 400 தடவை. ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை ஒருவர் காலையில் கிளம்பி நண்பகலுக்குள் நடந்துவிடலாம். அதை அளந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

கோணங்களை அளப்பதற்குரிய தியோடலைட் என்னும் பெருங்கருவி லண்டனிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் எடை அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலிற் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுசென்றுவிட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்தபோது அது போர்க்கருவியன்று, அறிவுக்கருவி என்றறிந்த அத்தீவின் ஆளுநர், அதை மரியாதையுடன் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைவர்க்கிடையே இப்படியும் நடந்ததுண்டு.

1804இல் பெங்களூருக்கருகே மற்றொரு கோட்டைச் சங்கிலியால் நேரே அளந்தனர். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணித்துக்கொண்டு வந்த நீளத்தோடு அதை ஒப்பிட்டபோது, ஏழு மைலில் கண்ட வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மேற்குக் கடற்கரையை எட்டியதும் இன்னோர் உண்மை வெளிப்பட்டது. சென்னையிலிருந்து மேலைக்கடல் வரை 400 மைல் என்று பழைய படங்கள் காட்டிவந்தன. உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் அகல நிலத்தை லாம்டன் கணக்கால் கரைத்துவிட்டார்.

இதைக் கண்டு அரசு மகிழ்ந்திருக்கும் என்று எண்ணுவோம். அன்று சென்னையில் செலவைத் தணிக்கை செய்த அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புபவர் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்டனின் படம் எதற்கு என்ற கருத்தில் எழுதிவிட்டார்! பெருங்காரியங்களைத் தொடங்குபவர் வெயிலையும் காய்ச்சலையும் மட்டுமன்றி இத்தகைய கோப்புகளையும் தாங்கவேண்டியிருக்கிறது. அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்களுக்கு இதை விரித்துரைப்பது மிகை.

மலைநாட்டில் குன்றுகள் உதவின. காவிரி பாயும் சோழநாட்டில் குன்றுக்கு எங்கே போவது? எங்கும் நெல்வயல், எங்கும் தென்னந்தோப்பு. கோயில் கோபுரங்களே அங்கே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அந்த அரை டன் கருவியைக் கயிறுகட்டி ஏற்றினார்கள். பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்திருந்த கயிறொன்று அறுந்தது. கருவி ஊசலாடிச் சுவரில் மோதிற்று. கோணங்களைக் காட்டும் பெருவட்டம், நுண்ணிய கோடுகள் பொறிக்கப்பட்ட அவ்வட்டம், நெளிந்துபோயிற்று.

இவ்விடத்தில் சற்று நிற்பது தகும். வேறொருவராயின் நடந்ததை மேலிடத்துக்கு எழுதிவிட்டு, லண்டனிலிருந்து புதுக்கருவி வரும்வரை காத்திருப்பர். அது வர ஆண்டுகள் ஆகும். காத்திருத்தலும் பொறுமைதானே என்று கேட்கலாம். அது பொறுமையின் நிழல் மட்டுமே. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். கருவியைக் கழற்றினார். கைவினைஞர் சிலரைத் தவிர வேறெவரையும் உள்ளே விடவில்லை. நெளிந்த வட்டத்தை ஆப்பும் திருகும் கொண்டு மயிரிழை மயிரிழையாகப் பழைய வடிவுக்கு இழுத்து நிறுத்த ஆறு வாரம் சென்றது. தன் கையால் நேர்ந்ததைத் தன் கையாலேயே சீர்செய்து, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அக்கருவியே பின்னரும் பல்லாண்டு உழைத்தது. 1809இல் முக்கோண வரிசை குமரிமுனைப் பக்கத்தை எட்டியது. அதன்பின் முகம் வடக்கே திரும்பிற்று.

1818இல் இவ்வேலை சென்னை அரசிடமிருந்து தலைமை ஆளுநரின் பொறுப்புக்கு மாறி, இந்தியப் பெரு முக்கோண நில அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டே துணைவராக ஜார்ஜ் எவரெஸ்ட் நியமிக்கப்பட்டார். பதவி வந்தது, பெயர் வந்தது, வயதும் வந்தது. ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் ஹிங்கன்காட்டில் லாம்டன் மறைந்தார். இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. இமயத்தைக் கண்ணாலும் காணவில்லை.

எவரெஸ்ட் வேறு குணத்தினர். லாம்டன் அமைதியானவர், இவரோ முன்கோபி. பொறுமை என்பது சாந்த குணத்துக்கு மறுபெயர் என்று எண்ணுபவர்க்கு இவர் வாழ்வு ஒரு மறுப்பு. கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடையிலுள்ள காட்டில் 1819இல் இவர் முகாமே காய்ச்சலில் விழுந்தது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வேனிலில் தூசும் கானலும் பார்வையை மறைக்கும். மழை பெய்து காற்று தெளிந்தால்தான் தொலைவிலுள்ள குன்று துலங்கும். காட்டுக் காய்ச்சல் வருவதும் அம்மழையோடுதான். கண் தெளியும் பருவமே உயிருக்கு இறுதியாகும் பருவமாயிற்று. பின்னர் மத்திய இந்தியாவின் சிரோஞ்சு வரை இவர் வேலையைக் கொண்டுசென்றபோது, உடம்பின் ஒரு பகுதி செயலற்று, பிறர் தாங்கி இருக்கையில் அமர்த்தவே கருவியை நோக்கினார். 1825இல் இங்கிலாந்துக்குச் சென்றார். நோயாளி ஓய்வெடுக்கவில்லை. வெப்பத்தால் நீளம் மாறாத அளவுகோல்களைத் தேடிக்கொண்டு 1830இல் திரும்பிவந்தார்.

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் பாரக்பூர் பெருஞ்சாலையில் இரண்டு பழைய செங்கற் கோபுரங்களைப் பார்த்திருக்கலாம். கோயிலுமல்ல, கோட்டையுமல்ல, சாலையோரத்தில் காரணமின்றி நிற்பனபோலத் தோன்றும். புதிய அளவுகோல்களைக் கொண்டு எவரெஸ்ட் முதலில் அளந்த கோட்டின் இரு முனைகள் அவை. வேலை நடந்தது 1831க்கும் 1832க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில்.

அக்காலத்தில் கல்கத்தா அலுவலகத்தில் கூடியிருந்தவர்களை நோக்கினால் நமக்கு ஒரு வியப்பு உண்டாகும். கணிப்பகத்தின் தலைவர் ஜோஷுவா டி பென்னிங், 1794இல் சென்னையில் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளியில் பயின்று, இளமையிலேயே லாம்டனோடு சேர்ந்து நடந்தவர். அப்பள்ளியே பின்னாளில் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. கருவிகளைப் பழுதுபார்த்தவர் சையது மீர் மோசின் உசேன், ஆற்காட்டுக்காரர். ஆங்கிலேயரான கருவி வல்லுநர் விலகியபின் அப்பதவிக்கு உரியவர் இவரே என்று எவரெஸ்ட் வாதாடிப் பெற்றுத்தந்தார். 1831இல் இவ்வலுவலகத்துக்குள் நுழைந்த பதினெட்டு வயது வங்க இளைஞர் ராதாநாத் சிக்தார். சென்னை, ஆற்காடு, கல்கத்தா என மூவிடத்தாரும் ஒரே கணக்கைச் சுமந்தனர். பிழைப்புக்காகவும் தொழிலுக்காகவும் வடக்கே சென்றவர் வரிசையில் நாம் முதல்வரல்லர்.

கங்கைச் சமவெளியில் குன்றே இல்லை. நாற்பது, ஐம்பது, அறுபது அடி உயரத்தில் கோபுரங்கள் கட்டவேண்டியிருந்தது. பகலில் தூசு, ஆகவே இரவில் விளக்கேற்றி நோக்கினர். குறுக்கே நின்ற மரங்களை வெட்டவேண்டியிருந்தது. கோபுரத்தின்மேல் நின்று தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர் வீட்டு முற்றத்துப் பெண்களைப் பார்க்கிறார் என்று ஊரார் சினந்தனர். அச்சினத்தைக் குறைகூற இயலாது. தம் ஊரைக் கேளாமல் வந்து அளப்பவரை எவர்தாம் நம்புவர்?

டேராடூன் பள்ளத்தாக்கில் 1834-35இல் ஒரு கோடு அளந்தனர். பழைய சங்கிலியால் அளந்திருந்த சிரோஞ்சுக் கோட்டிலிருந்து கணித்துவந்த நீளத்தோடு அது சில அடிகள் வேறுபட்டது. நானூறு மைல் கடந்து வந்த கணக்கில் சில அடி! நாமாயின் விட்டுவிடுவோம். எவரெஸ்ட் சிரோஞ்சுக்குத் திரும்பி, 1837-38இல் தாமே முன்பு அளந்த கோட்டைப் புது அளவுகோல்களால் மறுபடி அளந்தார். அவ்வேற்றுமை ஏழங்குலத்தளவாகச் சுருங்கியது. அதனோடும் அமையாமல், அங்கிருந்து தெற்கே பீதர் வரையுள்ள முக்கோணங்களையும் மீண்டும் நோக்கச் செய்தார். 1841இல் பீதர்க் கோடு முடிந்தது. குமரிமுனைப் பக்கத்திலிருந்து முசூரி மலை வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள வில் நிறைவெய்தியது. பரங்கிமலையில் முதற்சங்கிலி நீட்டி 39 ஆண்டுகள் சென்றிருந்தன.

இதுவரை அதிகாரிகளின் பொறுமையைப் பேசினோம். அரை டன் கருவியைக் குன்றின் உச்சிக்குத் தூக்கிச் சென்றவர் எவர்? பார்வைக் கொடியைப் பிடித்துக்கொண்டு மலைமேல் நாட்கணக்கில் காத்துக்கிடந்தவர் எவர்? காய்ச்சலில் கிடந்தபோது பல்லக்கில் ஏறித் திரும்ப வசதியில்லாதவர் எவர்? கலாசிகள் என்று ஏடுகளில் ஒரே சொல்லில் அடக்கப்பட்ட நம் நாட்டுக் கூலிகள். லாம்டனின் பொறுமை அவர் விரும்பி ஏற்றது. முடிவில் பெயர் நிற்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. கலாசியின் பொறுமையோ, மறுத்தால் கூலி இல்லை என்ற நிலையிலிருந்து பிறந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்வது எளிது. நியாயமன்று.

இவ்வேற்றுமையை அன்றே உணர்ந்தவர் ஒருவர் அவ்வலுவலகத்திலேயே இருந்தார். 1843இல் டேராடூனில், ஆங்கில நீதிபதி ஒருவர் நில அளவைத் துறையின் கூலிகளைத் தம் சொந்தச் சாமான்களைச் சுமக்கும்படி கட்டாயப்படுத்தினார். தமிழ்நாட்டில் வெட்டி என்று வழங்கிய அதே கூலியில்லாத வேலை. ராதாநாத் சிக்தார் அச்சாமான்களைத் தடுத்து நிறுத்திவிட்டார். நாளெல்லாம் மடக்கையும் கோணமுமாகப் பொறுமையின் உருவாய் அமர்ந்து கணக்கிடும் மனிதர், இதைப் பொறுக்கவில்லை. வழக்கு நடந்தது. அவருக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இச்செய்தியை அக்காலக் கல்கத்தா இதழொன்று விரிவாக வெளியிட்டது. எவ்வளவு நாள் பொறுப்பது என்பதோடு, எதைப் பொறுப்பது என்பதையும் அறிந்திருந்த அவரை, இவ்வரலாறு முழுவதிலும் நான் மிகுதியாக மதிக்கிறேன்.

எவரெஸ்டும் 1843இலேயே ஓய்வுபெற்றார். அடுத்துவந்த ஆண்ட்ரூ வா, இமயத்தின் அடிவாரமாகிய தராய்க் காட்டோரமாக முக்கோணங்களைக் கிழக்கே கொண்டுசென்றார். நேபாளம் அந்நியர்க்குக் கதவடைத்திருந்தது. ஆகவே நூறு மைலுக்கும் அப்பாலிருந்தே சிகரங்களை நோக்கவேண்டியிருந்தது. தராய்க் காய்ச்சலில் அதிகாரிகள் சிலரும் கூலிகள் பலரும் மாண்டனர். 1847இல் தொலைவில் ஒரு சிகரம் கருவியின் கண்ணில் பட்டது. 1849இல் ஆறு இடங்களிலிருந்து அதன் கோணங்களைக் குறித்தனர். அதற்குப் பெயர் வைக்கவில்லை, பதினைந்தாம் எண் என்றே எழுதினர்.

பின்பு கணக்கு. தொலைவிலுள்ள மலையிலிருந்து வரும் ஒளி காற்றில் வளைந்து வருகிறது. காற்றின் வெப்பமும் அடர்த்தியும் மாறமாற அவ்வளைவும் மாறும். அதைச் சரிக்கட்டாமல் உயரம் கிட்டாது. ஒருநாள் ராதாநாத் தலைவரின் அறைக்குள் ஓடிவந்து, உலகின் மிகவுயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவினார் என ஒரு கதை வழங்குகிறது. கேட்க இனிய கதைதான். ஆனால் வேலை நடந்த விதத்துக்கு அது பொருந்தாது. தலைமைக் கணிப்பாளராகிய ராதாநாத்தின் கீழ்க் கல்கத்தாவிலும், டேராடூன் அலுவலகத்திலும் பலர் ஆண்டுக்கணக்கில் செய்த கூட்டல் கழித்தல் அது. விடை ஏறக்குறைய தெரிந்தபின்பும் வா உடனே வெளியிடவில்லை, சரிபார்த்துக்கொண்டே இருந்தார். 1856இல்தான் அறிவித்தார்: உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனமும் 2020இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. மலையை நெருங்காமலே, நூறு மைலுக்கப்பால் நின்று கணித்தவர்களுக்கும் செயற்கைக்கோளின் துணைகொண்டு கணித்தவர்களுக்கும் உள்ள வேற்றுமை முப்பதடி.

சிகரத்துக்குத் தமக்கு முன்னிருந்த தலைவரின் பெயரை வா சூட்டினார். திபெத்தியர் அதைச் சோமோலுங்மா என்று அழைத்துவந்தனர். தம் பெயரை இந்நாட்டார் எளிதில் உச்சரிக்கவும் எழுதவும் இயலாதே என்று எவரெஸ்ட் தாமே தயங்கியதும் உண்டு. பெயர் மாறவில்லை. ராதாநாத் 1862இல் ஓய்வுபெற்று 1870இல் காலமானார். 1851இல் வெளியான நில அளவைக் கைந்நூலில் கணிதப் பகுதிகள் பல இவர் எழுதியவை என்று முதற்பதிப்பு நன்றியுடன் குறித்திருந்தது. அவர் இறந்தபின், 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே அதைக் கண்டித்து எழுதியது. இந்திய அஞ்சல்துறை 2004இல் அவர் உருவம் பொறித்த தலையொன்றை வெளியிட்டது.

பரங்கிமலையின் உச்சியில் இன்று லாம்டனின் மார்பளவு உருவம் வைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வரும் நேயர்கள் மாதாகோயிலைக் காணச் செல்லும்போது அதையும் காணலாம். அங்கிருந்து தெற்கே நோக்கினால், ஏழரை மைல் தொலைவுக்கு நானூறு முறை பெட்டிகளைத் தூக்கி வைத்த அந்தச் சமநிலம் தெரியும். இப்போது அதன்மேல் விமானங்கள் இறங்குகின்றன, வீடுகள் நெருங்கி எழுந்துள்ளன. திரும்பும் வழியில், தில்லி வண்டி பல்லார்ஷாவைக் கடந்தபின், சற்றே சாளரத்தின் பக்கம் அமர்ந்திருங்கள். ஹிங்கன்காட் வரும்.